சபையிலும் ஒரு தராசு உண்டு

பட்டமளிப்புக் காலம் மீண்டும் வந்துவிட்டது. சிங்கப்பூரிலே தேசியப் பல்கலைக்கழகத்தின் விழாக்கள் ஜூலை மாதத்தை ஒட்டி நடைபெறுகின்றன. மலேசியாவிலே ஒவ்வொரு சர்வகலாசாலையும் தனக்கெனக் குறித்த நாட்களில் விழா எடுக்கிறது. இவற்றை ஒட்டி நம் சங்கங்களும் ஜமாஅத்துகளும் நடத்தும் கல்விப் பரிசளிப்பு விழாக்கள் வேறு இருக்கின்றன. இரு பெருநாட்களைத் தவிர வேறு நாளில் கடையைச் சாத்தியறியாத நம் வியாபாரச் சகோதரர் பலரும், பிள்ளை பட்டம் பெறும் நாளில் மட்டும் கல்லாவைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, சலவைச் சட்டை அணிந்து, குடும்பத்தோடு மண்டபம் போய்ச் சேர்கிறார்கள். பின்னர் அந்த நிழற்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கிக் கல்லாவுக்குப் பின்புறச் சுவரிலே இடம் பெறுகிறது. கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் அதைப் பார்த்து விசாரித்தால், சொல்லும் தகப்பனாரின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடு ஏது?

இந்த மகிழ்ச்சியைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அந்த மண்டபத்துக்குள் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் மேடையின் ஓரத்தில் அமர்ந்து எத்தனையோ விழாக்களைப் பார்த்து வருகிறோம். சபையில் இருப்போருக்கு மேடை மட்டுமே தெரியும். மேடையில் இருப்போருக்கோ சபை முழுவதும் தெரியும். ஆங்கில அகரவரிசைப்படி பெயர் படிக்கும் பள்ளி விழாக்களை எடுத்துக்கொள்வோம். அப்துல் காதர், அப்துல் ரஹ்மான் என்று தொடங்கும்போது மண்டபம் நிறைந்திருக்கிறது. நடுப்பகுதியில் முஹம்மதுகள் வரும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக நாற்காலிகள் காலியாகின்றன. கடைசியில் ஜைனுல் ஆபிதீனின் பெயர் படிக்கப்படும்போது பாதிச் சபை வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையும் மற்றவர்களைப் போலவே இரவு விழித்துப் படித்த பிள்ளைதான். அவன் பெயர் வரிசையின் கடைசியில் வந்தது அவன் செய்த குற்றமா?

எழுந்து போகிறவர்களிடம் கேட்டால், “எங்கள் பிள்ளையின் பெயர் முடிந்துவிட்டதே” என்கிறார்கள். கடையைத் திறக்க வேண்டும், சரக்கு வந்து இறங்கும் என்று காரணமும் கூறுகிறார்கள். இதைக் கெட்ட எண்ணம் என்று நாம் சொல்லமாட்டோம். இது ஒரு பழக்கக் குறைவு. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு.

1949-ஆம் ஆண்டுக்கு முன்பு நம் மலாயாவில் பட்டம் வழங்கும் சர்வகலாசாலையே கிடையாது. சிங்கப்பூரிலிருந்த ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் ராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. 1962-இல் அது இரண்டாகப் பிரிந்து, கோலாலம்பூரில் ஒன்றும் சிங்கப்பூரில் ஒன்றுமாயிற்று. ஆக, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக இந்தச் சபை நம்மிடையே வந்து இன்னும் ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. பள்ளிவாசல் வரிசையில் எப்படி நிற்பது, நிக்காஹ் சபையில் எங்கே அமர்வது, மவ்லூது மஜ்லிஸில் எப்பொழுது எழுவது என்பதெல்லாம் தகப்பனைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொண்டவை. ஜும்ஆவுக்குப் பிந்தி வருபவர், அமர்ந்திருப்போரைத் தாண்டித் தாண்டி முன் வரிசைக்குப் போகலாகாது என்பதை நம்மில் அறியாதவர் யார்? சபைக்கு ‘அதபு’ உண்டு என்பது நமக்குப் புதிய பாடம் அன்று. பழைய பாடத்தைப் புதிய மண்டபத்துக்கும் கொண்டு செல்ல வேண்டும், அவ்வளவே.

சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். “படிப்புத்தான் முக்கியம், பட்டத்தாள்தான் முக்கியம்; கைதட்டலும் அங்கியும் வெறும் ஆடம்பரமல்லவா?” என்பது அவர்கள் வினா. இதற்கு 2020-ஆம் ஆண்டு நமக்கு விடை தந்தது. கொள்ளைநோய் பரவிய அக்காலத்தில் உலகெங்கும் எத்தனையோ கல்விக்கூடங்கள் விழாக்களைத் தள்ளி வைத்தன, அல்லது கணினித் திரையிலே நடத்தி முடித்தன. விழா இல்லாவிட்டாலும் பட்டம் பட்டமே. அதைக் காட்டி வேலையும் பெறலாம். எனினும் வீடுகளில் ஒரு குறை இருந்தது. பெற்றோர் புது உடுப்பைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கூடத்துச் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தாள் இருந்தது, சபை இல்லை. அப்படியானால் சபை தருவது என்ன?

சபை தருவது சாட்சி. இதை வியாபாரிகளுக்கு விளக்கவும் வேண்டுமோ? நிக்காஹ் முறையாக நிறைவேறுவதற்கு இரு சாட்சிகள் வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைத்துக்கொள்ளுமாறு திருமறை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஒரு செய்தி இருவருக்குள் நின்றால் அது பேச்சு. பலர் முன்னிலையில் உரைக்கப்பட்டால் அது உறுதி. “இந்தப் பிள்ளை கற்றுத் தேறினான், எங்கள் சோதனையில் நின்றான்” என்று ஆசிரியர்கள் ஊரறியக் கூறுவதே பட்டமளிப்பு.

உலகில் எங்கு பார்த்தாலும் இதுவே கரு. உருவம் மட்டும் வேறு. இன்று நம் பிள்ளைகள் அணியும் கறுப்பு அங்கி, ஐரோப்பாவின் பழைய கல்விக்கூடங்களில் குளிருக்காகப் பாதிரிமார் அணிந்த நீள உடையிலிருந்து வந்தது. முதுகில் தொங்கும் வண்ணத் துணியும் ஒரு காலத்தில் தலையை மூடும் முக்காடாக இருந்ததுதான். நம் மார்க்கக் கல்வி மரபிலோ, ஆசிரியர் மாணவனுக்கு ‘இஜாஸத்’ என்னும் அனுமதியை வழங்குவார். தாம் யாரிடம் கற்றோம், அவர் யாரிடம் கற்றார் என்ற தொடரும் அதில் இடம் பெறும். இந்திய நாட்டு மத்ரஸாக்களில் ஓதி முடித்தவருக்குச் சபையோர் முன்னிலையில் தலைப்பாகை சூட்டி ஸனது வழங்குவது வழக்கம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதி வெளிவந்தவர் ‘பாகவி’ என்று தம் பெயருடன் சேர்த்துக்கொள்கிறார். அங்கியானாலும் தலைப்பாகையானாலும், சூட்டுபவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர், பார்த்திருந்து சாட்சி கூறுபவர் பலர் என மூவகையாரும் கூடினால்தான் சபை நிறையும். ஆகவே மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். அந்தக் காரியத்தில் பங்கு உடையவர்கள்.

இப்பொழுது நம் தராசுக்கு வருவோம். திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரைக் குறிக்கும் பெயரையே தாங்கி நிற்கிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுபவர்களை அது கண்டிக்கிறது. நம் முன்னோர் இதைக் கேட்டுக் கேட்டே படிக்கல்லில் கை வைக்க அஞ்சினார்கள். ஆனால் அளவை என்பது அரிசிக்கும் சர்க்கரைக்கும் ஜவுளிக்கும் மட்டுந்தானா? நம் பிள்ளை மேடையேறும்போது நிறைந்த சபை, அமைதியான செவிகள், தெளிவான உச்சரிப்பு, ஓங்கிய கைதட்டல் ஆகிய நான்கையும் நாம் முழு அளவில் எதிர்பார்க்கிறோம். முன்னே இருப்பவர் எழுந்து நின்று மறைத்தால் கோபம் வருகிறது. பெயரைத் தவறாகப் படித்தால் மனம் வருந்துகிறது. அடுத்த நிமிடமே நாம் எழுந்து போனால், அடுத்தவர் பிள்ளைக்கு நாம் அளந்து கொடுத்தது என்ன? வாங்கும் படி ஒன்று, கொடுக்கும் படி வேறொன்று என்று வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்பதைக் கடை வைத்திருப்பவர்களே சொல்லட்டும்.

கணக்கும் பார்த்துவிடுவோம். ஒரு பெயருக்குப் பத்து வினாடி என்று வைத்துக்கொண்டால், 300 பேருக்கு 3,000 வினாடி. அதாவது 50 நிமிடம். பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஒருவன் படித்ததற்கு ஊர் தரும் நேரம் பத்தே வினாடி. தன் பிள்ளைக்காக ஐம்பது நிமிடமும் அமர்ந்திருக்கக்கூடிய தகப்பன், பிறர் பிள்ளைகளுக்காகவும் அதே ஐம்பது நிமிடம் அமர்ந்திருந்தால் அவருக்கு நட்டம் என்ன? அந்தப் பத்து வினாடி போய்விட்டால், அதைப் பின்னர் ஈடு செய்து கொடுக்க எவராலும் இயலாது. குறைந்த சரக்கை மறுநாள் நிறுத்துக் கொடுக்கலாம். குறைந்த சபையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

“அப்படியானால் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு மரம்போல் உட்கார்ந்திருக்க வேண்டுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மரியாதை என்றால் மௌனந்தான் என்பது ஒரு சாராரின் வழக்கம். ஆனந்தத்தைக் குரலால் காட்டுவது மற்றொரு சாராரின் வழக்கம். நம் ஊர்ப்பக்கத்துத் திருமண வீடுகளில் பெண்கள் இடும் குலவை அவமரியாதையா என்ன? குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண் பட்டம் பெறும்போது, எழுத்தறியாத பாட்டியார் வாய்விட்டுப் பெயரைக் கூப்பிட்டால் அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த வழக்கு அமெரிக்க நாட்டில் சட்டம் வரையிலும் போனதுண்டு. மிஸிஸிப்பி மாநிலத்தில் செனட்டோபியா என்ற ஊரின் உயர்நிலைப்பள்ளி 2015-ஆம் ஆண்டு விழாவில், எல்லாப் பெயர்களும் முடியும் வரை ஆரவாரம் கூடாது என்று கேட்டுக்கொண்டது. தம் பிள்ளையின் பெயர் வந்ததும் சிலர் குரல் கொடுத்தனர். அவர்களை வெளியே அனுப்பியதோடு நில்லாமல், அமைதியைக் குலைத்ததாக வழக்கும் தொடுத்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழவே, அவ்வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. மறுபுறத்தில், 2018-ஆம் ஆண்டு மே மாதம் புளோரிடா பல்கலைக்கழக விழாவில், மேடையைக் கடக்கும்போது ஆடி மகிழ்ந்த பட்டதாரிகள் சிலரை, அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், விழாப் பணியாளர் ஒருவர் கையால் பிடித்துத் தள்ளி அப்புறப்படுத்தினார். பல்கலைக்கழகத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மரியாதையைக் காக்கப் போய் மரியாதையை இழந்த கதை இது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது யாதெனில், சத்தத்தை வைத்து மரியாதையை அளக்க முடியாது. அடுத்தவருக்குச் சேர வேண்டியதை அது விழுங்குகிறதா என்பதே அளவு. நம் பிள்ளைக்காக எழுந்த குரல், அடுத்த பெயர் படிக்கப்படுமுன் ஓய்ந்துவிட்டால் அது வாழ்த்து. அடுத்த பெயரின்மேல் விழுந்து அதை மூடிவிட்டால், இன்னொரு தாயின் காதிலிருந்து அவள் பிள்ளையின் பெயரைப் பறித்ததாகும். நிற்காமல் ஊதப்படும் ஊதுகுழலுக்கும், பாட்டியாரின் ஒரே குரலுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

சபையில் இருப்போருக்கு இவ்வளவு சொன்ன நாம், மேடையில் இருப்போரை விட்டுவிடலாகாது. பெயர் படிப்பவருக்கு ஒரு பெரும் பொறுப்பு உண்டு. ஷாஹுல் ஹமீதையும் செய்யிது இப்ராஹீமையும் உருக்குலைத்துப் படித்தால், அந்தப் பத்து வினாடியில் பாதி வீணாகிறது. முந்தின நாளே பிள்ளையை அழைத்து, “உன் பெயரை எப்படிச் சொல்வார்கள்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வது ஆசிரியர் கடமை. சீனர், மலாய்க்காரர், தமிழர் எவர் பெயரானாலும் முறை இதுவே.

நம் சொந்த விழாக்களின் நிலை என்ன? இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நம் பத்திரிகையில் நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்? மாலை ஏழு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டு, பிரமுகருக்காக எட்டரை வரை காத்திருக்கிறோம். வந்த பிரமுகருக்குப் பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை, நன்கொடை தந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பொன்னாடை. அதன்பின் பேச்சுக்கள். முன் வரிசையில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பரிசு கொடுக்கும் நேரம் வரும்போது முதல் ஐந்து பேருக்குப் பிரமுகர் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு விடைபெறுகிறார். அவரோடு பாதிச் சபையும் எழுந்துவிடுகிறது. மிச்சமுள்ள பிள்ளைகளுக்கு, பிரியாணி மணத்தின் நடுவே, உறைகளைக் காரியதரிசி அவசரமாகக் கொடுத்து முடிக்கிறார். விழா யாருக்கு எடுக்கப்பட்டது? நன்கொடை தந்த வள்ளல்களைக் கௌரவிக்க வேண்டியதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் பணம் கொடுத்தது இந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பதற்கு அன்றோ?

கல்விக்காகக் கொடுப்பது நமக்குப் பழகிப்போன அறம். 1946-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். உடலுழைப்பாலும் சிறு வியாபாரத்தாலும் பிழைத்த ஒரு சமூகம் எழுப்பிய பள்ளி அது. 1982-இல் அது மூடப்பட்டபோதிலும், அங்கே படித்துப் பெரியவர்களானவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தாங்கள் ஏறாத மேடையில் பிறர் பிள்ளைகள் ஏறட்டும் என்று கொடுத்தவர்களின் வழிவந்த நாம், பிறர் பிள்ளையின் பெயர் படிக்கும்போது பத்து வினாடி உட்கார்ந்திருக்க மாட்டோமா?

இன்னொருவரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பல விழாக்களில் பட்டதாரி ஒருவருக்கு இரண்டே நுழைவுச் சீட்டுக்கள் கிடைக்கின்றன. தாயும் தகப்பனும் போகிறார்கள். மூத்தவன் எங்கே? கடையில் நிற்கிறான். தகப்பனாருக்கு உடல் நலம் குன்றியபோதோ, வியாபாரம் நொடித்தபோதோ, பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்தவன் அவன். தம்பியின் கட்டணத்துக்கு அவன் கணக்கிலிருந்துதான் பணம் போயிற்று. அவன் பெயரை எந்த மேடையிலும் எவரும் படிக்கப்போவதில்லை. இப்படிப்பட்ட மூத்தவர்கள் நம் வியாபாரக் குடும்பங்களில் எத்தனை பேர்! பட்டம் பெற்ற தம்பி, மண்டபத்திலிருந்து நேரே கடைக்கு வந்து, அங்கியோடு அண்ணனுக்கு ஸலாம் கூறி, அவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வானாகில், அந்த விழாவின் குறை அங்கே நிறைந்துவிடும். சுவரில் மாட்ட வேண்டிய படமும் அதுவே என்பது நம் அபிப்பிராயம்.

இவற்றைக் கருதி, வரும் விழாக்களுக்குச் சில காரியங்களை நம் சகோதரர்கள் மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே போய் அமர்வோம். கைத்தொலைபேசியின் ஒலியை நிறுத்தி, பின்னால் இருப்பவரை மறைக்காமல் உட்கார்ந்தபடியே படம் எடுப்போம். நம் பிள்ளைக்குத் தட்டிய கையால் அடுத்த பிள்ளைக்கும் தட்டுவோம். கடைசிப் பெயர் படிக்கப்படும் வரை இருப்போம். வெளியே வந்ததும் பிள்ளையின் ஆசிரியரைத் தேடிப் பிடித்து ஒரு ஸலாம், ஒரு நன்றி சொல்வோம். அதற்குப் பொன்னாடை வேண்டியதில்லை. நம் சங்க விழாக்களிலே பரிசுகளை முதலிலும் பேச்சுக்களைப் பிறகும் வைத்துக்கொள்வோம். பிரமுகர்களும் வள்ளல்களும் கடைசிப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வரை மேடையில் அமர்ந்திருக்கச் சம்மதிப்பார்களானால், அதுவே அவர்கள் தரும் இரண்டாவது நன்கொடையாகும்.

நாணயமாக நிறுப்பவன் என்ற பெயரே ஒரு வியாபாரிக்குப் பெரிய முதல். கடையில் நாம் ஈட்டிய அந்த நற்பெயரைச் சபையிலும் காத்துக்கொள்வோமாக. இவ்வாண்டு பட்டம் பெறும் மாணவ மணிகள் அனைவரையும், வரிசையின் முதலில் நிற்பவரோடு கடைசியில் நிற்பவரையும் சேர்த்து, மனமார வாழ்த்துகிறோம். அவர்கள் கற்ற கல்வி அவர்களுக்கும் பிறருக்கும் பயன்பட வல்ல நாயன் அருள்புரிவானாக.